கைநாட்டும் ‘ஓகே’ பட்டனும்: நம்ம டேட்டாவில் யாருக்கு விளைச்சல்?

நன்னிலத்தில் இருக்கும் அப்பாவிடம் சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனில் பேசுகிறார். உழவு கூலி ஏறிக்கிட்டே போகுது, பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா என்று பேச்சு. மறுநாள் காலை மெட்ரோவில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் நாலாவது பதிவே டிராக்டர் விளம்பரம். “நாம பேசுறதை எல்லாம் இது ஒட்டுக்கேக்குதுடா” என்று பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் காட்டுகிறார்.

ஊரையும் பொருளையும் மாற்றிப் போட்டால் இது உங்கள் கதையாகவும் இருக்கும். விளம்பரத்துக்காக மைக் வழியே ஒட்டுக்கேட்பதில்லை என்று மெட்டா பலமுறை சொல்லிவிட்டது. அப்படிக் கேட்பதாக நிரூபிக்கும் உறுதியான ஆதாரமும் இதுவரை வெளிவரவில்லை. இதைக் கேட்டு யாரும் நிம்மதியாகிவிட வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லாத அளவுக்கு நம்மைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதுதான் விஷயம்.

போனை வைத்ததும் அந்த மகன் டிராக்டர் விலையைத் தேடியிருப்பார். அவர் திறந்த வெப்சைட்டில் மெட்டாவின் ‘பிக்சல்’ என்ற சின்ன நிரல் இருந்திருக்கும். யார் வந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்று அது அங்கிருந்தே தகவல் அனுப்பும். பொங்கலுக்கு ஊருக்கு வந்து நாலு நாள் தங்கியபோது லொகேஷன் ஆனில் இருந்திருக்கும். விவசாய வீடியோ ஒன்றை அவர் முழுசாகப் பார்த்திருப்பார். இத்தனையும் சேர்ந்தால் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

விற்பது எதை?

“ஃபேஸ்புக் நம்ம டேட்டாவை விற்குது” என்று சொல்வது வழக்கம். கண்டிப்பாகப் பார்த்தால் அது சரியில்லை. உங்கள் பெயரையும் நம்பரையும் ஒரு பட்டியலாகப் போட்டு விளம்பரதாரரிடம் கொடுப்பதல்ல இந்த வியாபாரம். அந்தப் பட்டியலை வெளியே கொடுத்துவிட்டால் கம்பெனிக்குத்தான் நஷ்டம். அது விற்பது உங்களை எட்டும் வாய்ப்பை.

நன்னிலம் கடைத்தெருவில் உங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இன்ஸ்டாவில் விளம்பரம் போடுகிறீர்கள். ஊரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், இந்த வயது, புடவையில் ஆர்வம் உள்ளவர்கள் என்று தேர்வு செய்து, நாளைக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டுகிறீர்கள். யாரிடம் போகும் என்று பெயர் தெரியாது. ஆனால் குடவாசலிலோ பேரளத்திலோ ஒருவர் ஸ்க்ரோல் செய்யும்போது, அவர் திரையில் விளம்பரத்துக்கு ஓர் இடம் காலியாகும் அந்த நொடியில் ஓர் ஏலம் நடக்கிறது. உங்கள் கடை, திருவாரூர் நகைக்கடை, பெங்களூரு ஆப் கம்பெனி எல்லாம் அந்த ஓர் இடத்துக்குப் போட்டி.

இந்த ஏலத்தில் அதிகப் பணம் கேட்டவர் ஜெயிப்பார் என்று கட்டாயமில்லை. இந்த ஆள் இந்த விளம்பரத்தைத் தொடுவாரா, வாங்குவாரா என்ற கணிப்பும் சேர்த்துப் பார்க்கப்படும். அந்தக் கணிப்புதான் கம்பெனியின் உண்மையான சரக்கு. நீங்கள் போட்ட லைக், நிறுத்திப் பார்த்த ரீல்ஸ், தேடிய மருந்து, ராத்திரி எத்தனை மணி வரை விழித்திருக்கிறீர்கள் என்பது, எல்லாம் அந்தக் கணிப்புக்குப் போடும் உரம். அதிக நேரம் ஸ்க்ரோல் செய்தால் அதிக ஏலம். அதனால்தான் கீழே போகப் போக முடியாத ஃபீட்.

எவ்வளவு விளைகிறது?

2024-ல் மெட்டாவின் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் விளம்பரத்தில் வந்தது மட்டும் சுமார் 16,060 கோடி டாலர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் இதுதான் அடுப்பு எரிக்கும் விறகு.

ஓர் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கையும் 2023 வரை மெட்டா வெளியிட்டு வந்தது. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கா, கனடாவில் ஒரு ஃபேஸ்புக் பயனர் மூலம் கிடைத்தது சராசரியாக 68.44 டாலர். இந்தியாவும் அடங்கிய ஆசிய பசிபிக் பகுதியில் 5.52 டாலர். அதாவது மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 460 ரூபாய்.

“அவ்வளவுதானே? 460 ரூபாய்க்கு இத்தனை வசதி கிடைக்குதுன்னா இருந்துட்டுப் போகட்டுமே” என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடைக்காரருக்குத் தினசரிப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கட்டுப்படியாகாது. சில நூறு ரூபாயில் பக்கத்து ஊர்க்காரர்களை எட்ட முடிவது அவருக்குப் பெரிய வசதி. வாட்ஸ்அப்பிலேயே புடவை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விளம்பரம் என்பதே தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

அப்ப தப்பு எங்கே? மூன்று இடத்தில் இருக்கிறது.

335 பேர் தட்டினார்கள்

முதலாவது, நம்முடைய சம்மதம் நம்மோடு நிற்பதில்லை.

2018-ல் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நினைவிருக்கும். ஃபேஸ்புக்கில் ஆளுமையைச் சோதிக்கும் ஒரு ஆப் வழியாகத் திரட்டிய தகவல், அரசியல் பிரச்சார ஆலோசனை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. இந்தியக் கணக்குதான் கவனிக்க வேண்டியது. இங்கே அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் 5,62,455 பேர். மீதிப் பேர் செய்த ஒரே காரியம், அந்த 335 பேரில் யாரோ ஒருவருக்கு ஃபேஸ்புக்கில் நண்பராக இருந்தது.

பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டினால் நம்ம வயல் தண்ணீரும் சேர்ந்து வடியும். டெல்டாவில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். டேட்டாவும் அப்படித்தான். ஸ்மார்ட்போனே இல்லாத உங்கள் அப்பாயியின் நம்பர் உங்கள் காண்டாக்ட்டில் இருக்கிறது. அதை அப்லோட் செய்ய நீங்கள் ‘அனுமதி’ கொடுத்துவிட்டீர்கள். அப்பாயியை யார் கேட்டார்கள்? 2021-ல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வாட்ஸ்அப்புக்கு 22.5 கோடி யூரோ அபராதம் போட்டபோது, வாட்ஸ்அப்பையே பயன்படுத்தாதவர்களின் நம்பரை எப்படிக் கையாண்டது என்பதும் விசாரணையில் ஒரு பகுதி.

கஷ்டகாலமும் ஒரு தகவல்தான்

இரண்டாவது, நாம் சொல்லாததையும் கணித்துவிடுவது.

கடன் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் பணக் கஷ்டத்தில் இருக்கிறார் என்று அந்த சிஸ்டம் யாரையும் கேட்பதில்லை. யார் அந்த விளம்பரத்தை அழுத்துவார் என்று மட்டும் கணிக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். நாற்று முழுகி, மறு நடவுக்குக் கையில் காசில்லாத வாரத்தில் நகைக் கடன் வட்டியைத் தேடும் ஒருவருக்கு, ‘அஞ்சு நிமிஷத்தில் லோன்’ விளம்பரம் திரும்பத் திரும்ப வந்து நின்றால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தால் நமக்கு அவர் யார் என்று தெரியும். இங்கே வாசலுக்கு அழைத்து வந்தது எது என்று நமக்குத் தெரிவதே இல்லை.

வேண்டாம்னு சொல்ல முடியுமா?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

‘விளம்பரம் கிடையாது’ என்பதையே பெருமையாகச் சொல்லி வளர்ந்தது வாட்ஸ்அப். ஏன் விளம்பரம் போடுவதில்லை என்று 2012-ல் தங்கள் வலைப்பதிவில் தனியாகவே எழுதினார்கள். 2014-ல் சுமார் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2016-ல் பயனர் தகவலை ஃபேஸ்புக்கோடு பகிரும் புதிய கொள்கை வந்தது. அப்போது ஏற்கெனவே இருந்த பயனர்கள், தங்கள் தகவலை ஃபேஸ்புக் விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல 30 நாள் அவகாசம் இருந்தது. 2021 ஜனவரியில் வந்த கொள்கையில் அந்த வாய்ப்பும் இல்லை. ஒப்புக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு. ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும் நிபந்தனை வேறு. 2025 ஜூனில் வாட்ஸ்அப்பின் ஸ்டேட்டஸ் பகுதிக்கும் விளம்பரம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள்.

மெசேஜின் உள்ளடக்கம் 2016 முதல் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதை வாட்ஸ்அப் படிக்க முடியாது. அது உண்மை. பகிரப்படுவது நம்பர், போனின் விவரம், ஐபி முகவரி, வியாபாரக் கணக்குகளோடு நமக்கு உள்ள தொடர்பு போன்றவை. கடிதத்தைப் பிரிக்கவில்லை, யாருக்கு எப்போது போட்டோம் என்ற தபால்கார நோட்டு அவர்களிடம் இருக்கிறது.

அந்த ஜனவரியில் நம்மில் பலர் கோபமாக சிக்னலும் டெலிகிராமும் டவுன்லோட் செய்தோம். பிறகு என்ன ஆச்சு? கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டோம். ஊர் குரூப், ஆபீஸ் குரூப், பிள்ளையின் ஸ்கூல் குரூப், அம்மாவின் வீடியோ கால் எல்லாம் வாட்ஸ்அப்பில். ஊரே ஒரு பாலத்தின் மேல் போகும்போது நாம் மட்டும் ஆற்றில் இறங்கி நடக்க முடியாது. இந்த நிலைமையில் ‘ஓகே’ தட்டுவதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது என்றுதான் இந்தியப் போட்டி ஆணையமும் முடிவு செய்தது. 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தகவலை மற்ற மெட்டா நிறுவனங்களோடு ஐந்து ஆண்டு பகிரக் கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில், தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்தாண்டுத் தடையை நீக்கிவிட்டது.

213 கோடி பெரிய தொகையாகத் தெரியலாம். 2024-ல் மெட்டா உலகம் முழுக்க விளம்பரத்தில் சம்பாதித்த வேகத்தில் கணக்குப் போட்டால் அது ஒன்றரை மணி நேர வருமானம்கூட இல்லை.

நன்னிலத்துக்குத் தெரிந்த பாடம்

“கவனமா படிச்சுப் பார்த்து ஓகே கொடுங்க” என்று சொல்வதோடு பெரும்பாலான விழிப்புணர்வுப் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த அறிவுரை எவ்வளவு உதவாது என்று தெரிந்துகொள்ள இந்த மண்ணின் கதையே போதும்.

நன்னிலம் அன்றைக்கு ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. நிலம் ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. குத்தகை பெரும்பாலும் வாய்மொழி. எழுத்து என்று இருந்தால் அதில் கைநாட்டு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உழைப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மறுக்க முடியாது, ஏனென்றால் குடியிருந்த மனைக்கட்டும் பண்ணைக்காரருடையது.

அன்றைக்கு யாராவது “கைநாட்டு வைக்கும் முன்னாடி நல்லா படிச்சுப் பாருங்க” என்று பண்ணையாளிடம் சொல்லியிருந்தால் என்ன பயன்? 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் கேட்டது வேறு. பத்திரத்தைப் படித்துக் காட்டு என்று கேட்கவில்லை; நிபந்தனையை மாற்று என்றது. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரத்துக்குப் பயிரிடுபவருக்கு விளைச்சலில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு, நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டமே வரையறுத்தது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் நிலக்காரரின் பங்குக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்பு கட்டியது. பிறகு அது 25 சதவீதமாகக் குறைந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாமல் குத்தகைதாரர்கள் வெளியேற்றப்பட்டதால், 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

பண்ணையாள் பட்ட பாட்டையும் நாம் ரீல்ஸ் பார்ப்பதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அப்படி வைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பாடம்: மறுக்க முடியாத இடத்தில் இருப்பவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. அங்கே ‘நீதானே ஒத்துக்கிட்டே’ என்று பேப்பரைக் காட்டுவது நியாயமாகாது. எதற்கு மேல் கேட்கவே கூடாது என்று பேப்பரை எழுதுபவருக்கு வரம்பு கட்ட வேண்டும்.

அன்றைக்குக் கட்டைவிரல் மையில் பதிந்தது. இன்றைக்கு அதே கட்டைவிரல் கண்ணாடியில் பதிகிறது. நாம் படித்தவர்கள்தான். ஆனால் அந்த நிபந்தனைப் பக்கங்களை முழுதாகப் படித்துவிட்டுத் தட்டியவர் நம் ஆபீசில் எத்தனை பேர்?

புதிய சட்டம் எதுவரை காக்கும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு கழித்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்க அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே வரை காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2018-லேயே திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர இவ்வளவு காலம்.

சட்டத்தில் நல்லது இருக்கிறது. சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனை இல்லாமல், தேவையான தகவலுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். டாக்டர் ஆலோசனை தரும் ஆப் காண்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்டு நீங்கள் சரி என்று சொன்னாலும், அந்த லிஸ்ட்டுக்கான சம்மதம் செல்லாது என்று சட்டமே உதாரணம் தருகிறது. அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஓட்டையும் இருக்கிறது. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வழி தந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. பொய்ப் புகார் போன்றவற்றுக்காகப் பயனருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்குத் தாராளமான அதிகாரம் இருக்கிறது.

கேட்க வேண்டியது என்ன?

‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன் வேண்டும். அதை அழுத்தினாலும் அதே வாட்ஸ்அப், அதே இன்ஸ்டா கிடைக்க வேண்டும். அப்படிச் செய்தால் கம்பெனி மூழ்கிவிடும் என்பது சரியான வாதமல்ல. கிரிக்கெட் பக்கத்தைப் பார்ப்பவருக்கு பேட் விளம்பரம் காட்டலாம். அதற்கு அவர் நேற்று என்ன மருந்து தேடினார் என்று தெரிய வேண்டியதில்லை. ஆளைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரம் சமூக ஊடகச் சேவைக்கு அத்தியாவசியம் என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜூலையில் ஏற்கவில்லை. பிறகு மெட்டா, ‘காசு கட்டு, இல்லை சம்மதி’ என்றது. அதற்கும் 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியமும் ‘தேவையான தகவல்’ என்ற சொல்லுக்கு இதே பொருளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிபந்தனைப் பக்கம் தமிழில் வருவது ஒன்றுதான் மிச்சம். நாம் அதையும் படிக்காமல் தட்டுவோம்.

அத்தோடு, ஆப்பையே பயன்படுத்தாதவரின் நம்பரைத் தொடக் கூடாது என்ற வரம்பும், பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடும் வேண்டும். தேர்தல் வரும்போது நம் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ரோடு, வாய்க்கால் தூர்வாரலோடு இதையும் கேட்கலாம். சமூக ஊடகம் என்றாலே ஆபாசம், வதந்தி என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னபோதும் பேச்சு அதைச் சுற்றியே இருந்தது. பின்னால் நடக்கும் வியாபாரம் நம் அரசியல் பேச்சுக்குள் இன்னும் வரவில்லை.

அதுவரை செய்யக் கூடியது கொஞ்சம் உண்டு. இன்ஸ்டா, ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’ போய், மற்ற வெப்சைட்டுகளிலிருந்து வரும் உங்கள் செயல்பாட்டைத் துண்டியுங்கள். காண்டாக்ட் அப்லோடை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்ட் போனில் பிரைவசி பகுதியில் விளம்பர ஐடியை டெலீட் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. அப்படியே ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா போனிலும் செய்து கொடுங்கள்.

இது அடைமழைக்குப் பிடிக்கும் குடைதான். வெள்ளத்தைத் தடுக்கக் கரையை உயர்த்த வேண்டும். அதைத் தனித்தனியாக யாரும் செய்ய முடியாது என்பதும் டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்ததே.